ஐந்து பேர் எழுதிய பசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, பசியையும் பருமனையும் பற்றிய குழுக் கட்டுரையை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையால் திருத்தி, இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். ஓரத்தில் எழுத இடம் போதவில்லை. வாய்ஸ் மெசேஜ் போதும் என்றாய். நான் சுண்டெலிக் கதையை ஆரம்பித்தால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பாய், அதனால் கடிதம்.

பொதுமக்கள் படிக்கும்படி தமிழில் எழுத வேண்டும் என்று உங்கள் பேராசிரியர் போட்ட நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. தகவலுக்கும் பஞ்சமில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து பேரும் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டு போனீர்களே தவிர, ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் படிக்கவே இல்லை. எழுத்துரு பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. லெப்டின் என்ற ஹார்மோன் நடுவில் லெப்டீனாகி மறுபடி லெப்டினாகிறது. அதெல்லாம் சின்ன விஷயம். மூன்றாம் பக்கத்தில் நீ, கொழுப்புத் திசுவும் மூளையும் ரத்தத்தின் வழியாகப் பேசிக்கொண்டுதான் பசியை நடத்துகின்றன என்று எழுதியிருக்கிறாய். ஒன்பதாம் பக்கத்தில் இன்னொருவர், மன உறுதி இல்லாதவர்களே பருமனாகிறார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த இரண்டு வரியும் ஒரே கட்டுரைக்குள் எப்படிக் குடியிருக்கும்? அந்த ஒன்பதாம் பக்கத்துக்காரர் உன் பக்கத்தைப் படித்திருந்தால் அப்படி எழுதியிருக்கவே மாட்டார்.

உன் பக்கத்தையும் சும்மா விடப்போவதில்லை. லெப்டின், கிரெலின், பிஒய்ஒய், சிசிகே என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு வரி. மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கிறது. படிக்கிறவருக்கு ஒன்றுகூட மனதில் நிற்காது. ஹார்மோனின் பெயரைச் சொல்லாதே, அது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல். முதல் பக்கத்தில் உலகத்தில் இத்தனை கோடிப் பேர் என்று தொடங்கும் பத்தியை முழுவதும் அடித்துவிட்டேன். பார் ஹார்பரில் தொடங்குங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடலோரச் சிற்றூர் அது. அங்கே ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-இல் வளர்த்த சுண்டெலிகளில் சில குட்டிகள் மட்டும் அளவில்லாமல் தின்று, மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு எடைக்குப் போயின. மரபணுக் கோளாறு. அதற்கு ஓபி என்று பெயர் வைத்தார்கள். 1966-இல் இன்னொரு வகை கிடைத்தது. இதுவும் குண்டு, கூடவே கடுமையான நீரிழிவு. அதற்கு டிபி என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

டக்ளஸ் கோல்மன் அங்கே வேலை பார்த்த உயிர்வேதியியலாளர், கனடாக்காரர். டிபி சுண்டெலி ஒன்றையும் சாதாரணச் சுண்டெலி ஒன்றையும் பக்கவாட்டில் தோலோடு தோலாகச் சேர்த்துத் தைத்தார். ஒட்டிய இடத்தில் சிறு ரத்தக் குழாய்கள் வளர்ந்து, ஒன்றின் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதற்குள் போகும். படிக்கவே சங்கடமாக இருக்கிறது என்று நீ முகம் சுளிப்பாய். எனக்கும் சங்கடம்தான். ஆனால் விடை அங்கேதான் கிடைத்தது. டிபி எப்போதும்போல் தின்றுகொண்டே இருந்தது. அதனோடு ஒட்டியிருந்த சாதாரணச் சுண்டெலி, தீனி முன்னாலேயே கிடக்க, தின்னாமல் பட்டினியில் செத்தது. அடுத்து ஓபியையும் டிபியையும் சேர்த்தார். இந்த முறை பட்டினி கிடந்து செத்தது ஓபி. கடைசியாக ஓபியையும் சாதாரணச் சுண்டெலியையும் சேர்த்தபோது, ஓபி முன்னைவிடக் குறைவாகத் தின்றது, எடை போடுவதும் குறைந்தது. சாதாரணச் சுண்டெலிக்கு ஒரு தீங்கும் இல்லை.

இந்த இடத்தில் வாசகரைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள். அவசரப்பட்டு லெப்டின் என்று சொல்லிவிடாதீர்கள். "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. ஓபிக்கு அதைச் சுரக்கத் தெரியாது. டிபிக்குச் சுரக்கத் தெரியும், கேட்கக் காது இல்லை; கேட்காததால் இன்னும் இன்னும் சுரக்கிறது, அதுதான் பக்கத்தில் இருப்பதைக் கொல்கிறது. பொருளைக் கண்ணால் பார்க்காமலேயே 1973-க்குள் கோல்மன் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். பருமன் என்பது முழுக்க நடத்தைப் பிசகு என்று நம்பிய பலர் அதை ஏற்கத் தயங்கினார்கள் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்தப் பொருளைப் பிடிக்க இன்னும் இருபது வருஷம் ஆனது. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994 டிசம்பரில் அதை உருவாக்கும் மரபணுவை வெளியிட்டது. அந்தப் பொருள்தான் லெப்டின்; அதைச் சுரப்பது கொழுப்புத் திசுவே. அதுவரை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, ஒரு சுரப்பியாகவும் வேலை செய்கிறது என்று தெரிந்தது. 2010-இல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

இனி உன் பிழை. "பருமனானவர்களுக்கு லெப்டின் குறைவு" என்று எழுதியிருக்கிறாய். தலைகீழ். பெரும்பாலோருக்கு அது அதிகம். கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால்தான் லெப்டின் ஊசி வந்ததும் ஊரெல்லாம் இளைத்துவிடும் என்று நினைத்தவர்கள் 1999-இல் சோதனை முடிவு வந்தபோது ஏமாந்தார்கள். பிறவியிலேயே லெப்டின் இல்லாதவர்கள் மிகச் சிலர். இங்கிலாந்தில் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் இரண்டு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டறிந்து 1997-இல் எழுதினார்கள். பெண் குழந்தைக்கு 8 வயது, 86 கிலோ. பையனுக்கு 2 வயது, 29 கிலோ. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் தீராத பசி தணிந்தது; ஒரு வருஷத்தில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அதற்கு முன்னால் அந்தத் தாய் எத்தனை பேரிடமிருந்து "பிள்ளைக்குக் கொடுத்துக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று கேட்டிருப்பாளோ. இது என் ஊகம்தான், கட்டுரையில் போடாதே.

மூளைப் பகுதி எழுதியவர் ஹைப்போதலாமஸைப் பற்றிப் பாடப்புத்தகத்தை அப்படியே இறக்கிவைத்திருக்கிறார். அங்கே ஒரு நம்மூர்ப் பெயர் விட்டுப்போயிற்று. பால் கிருஷ்ண ஆனந்த், பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர். 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலாளர் ப்ரோபெக்கோடு சேர்ந்து, ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியைச் சேதப்படுத்தினால் எலிகள் உண்பதையே விட்டுவிடுகின்றன என்று காட்டியவர். "பசி மையம்" என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. இன்று அவ்வளவு எளிதாக ஒரு மையம் என்று யாரும் சொல்வதில்லை, அதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்.

இப்போது ஒன்பதாம் பக்கம். அந்த வரியை அடிப்பதோடு நிறுத்தவில்லை, பதிலுக்கு என்ன போடலாம் என்றும் எழுதியிருக்கிறேன். 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டார். போருக்குப் போக மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்து, அதற்குப் பதிலாகத் தாமாக இதற்கு முன்வந்தவர்கள். மன உறுதிக்கு அவர்களைவிட யாரைக் காட்டுவது? 24 வாரத்தில் உடல் எடையில் கால்வாசி போயிற்று. அவர்கள் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள்; தட்டை நக்கினார்கள்; கனவிலும் பேச்சிலும் சோறுதான். பட்டினி முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. எடை குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, இழந்ததைத் திரும்பக் கேட்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. கூடவே க்ளோட் பூஷார் கனடாவில் செய்து 1990-இல் வெளியிட்ட சோதனையையும் வையுங்கள். 12 ஜோடி ஒரே கரு இரட்டையருக்குக் கணக்காக அதிகம் ஊட்டினார். ஒரே அளவு உணவுக்கு ஒருவருக்கு 4 கிலோ சொச்சம் கூடியது, இன்னொருவருக்கு 13 கிலோ. ஆனால் ஒரே ஜோடிக்குள் இருவரும் பெரும்பாலும் ஒத்தே பருத்தார்கள்.

எல்லாம் மரபணு என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சூழலைப் பற்றிய உங்கள் பகுதி பீட்சாவையும் செல்ஃபோனையும் திட்டுவதோடு முடிந்துவிட்டது. திட்டாமல் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன மருத்துவமனையில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று கொடுத்தார். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒன்றுபோல. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை போட்டார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாருடைய மன உறுதியும் மாறிவிடாதே.

மருந்துப் பகுதிக்காரர் கெட்டிக்காரர், நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் எடை குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைடை விஷப் பல்லியின் எச்சிலிலிருந்து எடுக்கிறார்கள் என்பது தவறு. ஹீலா என்ற அந்தப் பல்லியின் விஷத்தில் ஜான் எங் 1992-இல் கண்டது எக்ஸெண்டின்-4; அதன் வழியாக வந்த நீரிழிவு மருந்து எக்ஸெனடைட், 2005-இல் அனுமதி பெற்றது. செமாக்ளூடைட் மனிதக் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைச் சற்றே மாற்றிச் செய்தது. பல்லியை விட மனமில்லை என்றால் சரியான இடத்தில் வைக்கச் சொல். 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைகிறது என்று எழுதியவர், ஊசியை நிறுத்தினால் ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வருவதையும் எழுத வேண்டும். இப்போது நம்மூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது.

உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ பட்டியலை அப்படியே மேல்நாட்டு எல்லையோடு போட்டிருக்கிறீர்கள். நமக்கு 23-க்கு மேலேயே கவனம் வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவர்களின் கருத்து. ஏன் என்று விளக்க ஒரு படம் போதும். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யூட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம், 2004-இல் லான்செட்டில் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்குச் சர்க்கரை ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. கட்டுரை முழுக்க "குண்டானவர்கள்", "பெருந்தீனிக்காரர்கள்" என்று வருவதை எல்லாம் வட்டம் போட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலே பெரியம்மாவின் இலையை நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், நீயும் கவனித்திருப்பாய். அவள் படிக்கக்கூடிய கட்டுரை இது. படித்தாலும் முதுகு கூனாமல் இருக்க வேண்டும்.

அடுத்த முறை கூடும்போது ஒரு வேலை செய்யுங்கள். அவரவர் பக்கத்தை அவரவர் வாசிக்க வேண்டாம். மாற்றி, அடுத்தவர் பக்கத்தை உரக்க வாசியுங்கள். நாக்கு இடறுகிற இடமெல்லாம் தானாகத் தெரியும். ஒன்பதாம் பக்கத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாதே, சுண்டெலிப் பக்கத்தை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல், போதும். முழுக் கட்டுரையையும் கடைசியாக ஒரே கை எழுதட்டும். அது உன் கையாக இருந்தால் எனக்குச் சந்தோஷம், மருந்துப் பகுதிக்காரர் கையாக இருந்தால் கட்டுரைக்கு நல்லது.

திருத்திய படியை, சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலாவது அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்பு, ஃபோனிலேயே படித்துவிடுகிறேன். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? அம்மாவிடம் பருப்புப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறேன், அறைத்தோழிக்கும் கொடு.

அன்புடன்,
சித்தி