ஆமத்தூரில் ஆண்கள் முகத்துக்கு என்ன போடுகிறார்கள்?

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சிவகாசி பஸ் ஏறி ஆமத்தூருக்கு டிக்கெட் வாங்கினேன். தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சனிக்கிழமையாகப் பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. இந்தப் பக்கம் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசுத் தொழிற்சாலை, தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றிலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் காசு கைக்கு வரும். அங்கிருந்து நேரே கடைக்குப் போகும். ஆம்பளைகள் தங்கள் தோலுக்கு என்ன செலவழிக்கிறார்கள் என்று பார்க்க இதைவிடத் தோதான நாள் கிடையாது.

"ஆம்பளை மூஞ்சிக்கு என்னத்த சார் போடுறது? சோப்புதான்" என்றார் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவரிடமிருந்து ரோஜா பவுடர் வாசனை தூக்கலாக வந்துகொண்டிருந்தது.

ரோட்டோரம் இறங்கினால் வெயில் உச்சியில் இறங்குகிறது. எதிரே ஒரு பலசரக்குக் கடை. வாசலில் சரம் சரமாக ஷாம்பு, சிகைக்காய், பாக்குப் பொட்டலங்கள். ஆண்கள் முகத்துக்கு கிரீம் வாங்குவார்களா என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஆம்பளையாளுக இதெல்லாம் கேட்க மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைகதான்." சொல்லிவிட்டு எடைக்குத் திரும்பிவிட்டார். நான் அவர் தலைக்கு மேலே பார்த்தேன். பெண்கள் கிரீம் சரம் முழுசாகத் தொங்கியது. பக்கத்தில் ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் சரம். அதில் மேலே நாலைந்துதான் மிச்சம். பாக்கெட் பத்து ரூபாய்.

இந்தச் சரம் தொங்கவிடும் வியாபாரத்தில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டில் ஷாம்பு அடைத்துப் பார்த்தவர். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்து, பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்குள் நுழைந்தார். ஆண்களுக்கென்று தனியாகச் சிவப்பழகு கிரீம் வந்தது 2005-ல், இமாமி கம்பெனியின் ஃபேர் அண்ட் ஹேண்ட்சம். அதுவரை அண்ணன் தம்பிகள் அக்கா தங்கச்சி டியூபை ஒளித்து எடுத்துத் தேய்த்தார்கள்.

பத்து ரூபாய் சோப் ஒன்றை வாங்கித் திருப்பினேன். எறும்பு எழுத்தில் 'டிஎஃப்எம்' என்று போட்டு ஒரு எண் இருந்தது. சோப்பில் அசல் கொழுப்புச் சத்து எவ்வளவு என்பதன் கணக்கு அது. 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் முதல் தர டாய்லெட் சோப். 'பாத்திங் பார்' என்று எழுதியிருந்தால் 40 இருந்தாலே போதும். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அட்டைப்படத்திலும் இல்லை. எலுமிச்சை, வேம்பு, கற்றாழை என்று முன்பக்கம் போடுகிற படத்தைவிட எனக்கு அந்த எண்தான் முக்கியமாகத் தெரிந்தது.

அங்கிருந்து பயர் ஆபீஸ் ஒன்றுக்கு நடந்தேன். ரெண்டு கிலோமீட்டர் இருக்கும். இருபுறமும் கரிசல், வெடித்துக் கிடந்தது; சீமைக்கருவேலம் தவிர நிழல் இல்லை. கேட்டுக்கு உள்ளே விடவில்லை, விடக்கூடாதுதான். போனைக்கூட வெளியே வைத்துவிட்டுப் போகிற இடம். ஆனால் கை கழுவும் தொட்டி கம்பி வேலியை ஒட்டியே இருந்தது.

வெடிமருந்துப் பக்கம் வேலை பார்க்கிற ஆட்கள் வெளியே வந்தார்கள். செருப்பில்லாத கால், பருத்தித் துணி. நைலான் போட்டால் உராய்வில் மின்சாரம் பொறி தட்டும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. நெற்றி, காது மடல், முழங்கை வரை அலுமினியப் பவுடர் ஏறி, மனிதர்கள் வெள்ளி பூசிய கோயில் கவசம் மாதிரி வந்தார்கள். மாவு மாதிரி நைஸாக அரைத்த பவுடர் அது. விரல் ரேகைக்குள், நகக்கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தொட்டியில் இருந்தது நீலத் துணி சோப். ஆளாளுக்கு அதையே எடுத்து, தென்னை நாரால் முகம் உட்படத் தேய்த்தார்கள். நுரை சாம்பலாக ஓடியது. நம் தோல் லேசான புளிப்புத் தன்மை கொண்டது. அதன் பிஎச் ஐந்தை ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பே ஒன்பது, பத்து. துணி சோப் காரம் அதற்கும் மேலே. தோலின் மேலே இருக்கிற எண்ணெய்ப் படலத்தை அது உரித்துவிடும். அப்புறம் பவுடரும் வியர்வையும் நேரே உள்ளே உறுத்தும். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து பேசிய ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். பெருவிரல் மடிப்பில் வெடிப்பு, புறங்கையில் செதில். "மருந்து அரிக்குது சார்" என்றார். மருந்து பாதி, சோப் பாதி என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் அதே தொட்டியில் இன்னொருவரையும் பார்த்தேன்.

ஐம்பது வயது இருக்கும். அவர் தண்ணீர்ப் பக்கமே முதலில் போகவில்லை. டப்பாவிலிருந்து ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் ஊற்றி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தடவினார். விரல் இடுக்கில் நிதானமாக நீவினார். பழைய வேட்டித் துணியால் துடைத்தார். துணியில் வெள்ளி அப்படியே இறங்கியது. அதற்குப் பிறகுதான் தண்ணீர், சொந்தமாகக் கொண்டுவந்த குளியல் சோப், ஒரே ஒரு தடவை. ஈரம் காய்வதற்குள் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் புறங்கையில். மொத்தம் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காய்ப்பு இருந்தது, வெடிப்பு இல்லை. "யார் சொல்லிக் கொடுத்தாங்க?" "எங்க அய்யா. அவரு தீப்பெட்டி ஆபீஸ்." அதோடு வேனில் ஏறிவிட்டார்.

விலை உயர்ந்த கடைகளில் 'கிளென்சிங் ஆயில், ஜென்டில் வாஷ், மாய்ஸ்சரைசர்' என்று மூன்று பாட்டிலாக அடுக்கி விற்பது இதே வரிசையைத்தான். ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: கை காலுக்கு ஒத்துவருகிற தேங்காய் எண்ணெய் பரு வருகிற இளவட்ட முகத்துக்கு ஆகாது, துவாரத்தை அடைக்கும். அவர்களுக்கு மெல்லிய லோஷன் போதும்.

ஊருக்குள் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சலூனில் கூட்டம். ஷேவிங் அறுபது ரூபாய், ஃபேஷியல் முன்னூறு. கடைக்காரர் பாதி பிளேடைப் புதிதாக உடைத்துப் போட்டார், அது சரி. ஆனால் எதிர்மயிராக ரெண்டாவது தடவை இழுத்தார். கழுத்தில் முடி உள்ளேயே வளைந்து சிவப்புக் கொப்புளம் வருவது இதனால்தான். படிகாரக் கட்டியைத் தேய்த்தபோது சுரீரென்றது. ரத்தத்தை நிறுத்த அது நல்லது; அதற்குப் பிறகு முகம் இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் ஈரப்பசை வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் இருபது இருபத்திரண்டு வயசுத் தம்பி. ஃபேஷியல் கேட்டான். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன்: கன்னம் மட்டும் வெளுத்து, மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடி, ஓரத்தில் பொடிப் பொடிப் பரு. என்ன போடுகிறான் என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து 15 கிராம் டியூபை எடுத்தான். பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. "வெயில்ல போனா எரியுது. போடலைன்னா கறுத்துப்போகுது. அதனால விடாமப் போடுறேண்ணே." தோல் மெலிந்து, மருந்துக்கு அடிமையாகிப் போன முகம் இப்படித்தான் பேசும். இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் எச் அட்டவணையில் சேர்த்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

மெடிக்கலுக்கு அவனோடு போனேன். கவுண்டரில் இருந்த பெண், "சீட்டு இல்லாமக் குடுக்க மாட்டோம்" என்றார் என்னைப் பார்த்து. "போன மாசம் குடுத்தீங்கள்லக்கா" என்றான் தம்பி. அந்தப் பெண் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். பருவுக்கும் சொறிக்கும் கந்தக சோப் அடுக்கியிருந்தது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி வெடிக்குப் போகிற அதே கந்தகம். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், 50 கிராம், நானூறு ரூபாயை ஒட்டி. முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் வேண்டும். ரெண்டு வேளை போட்டால் டியூப் ஒரு மாதம் தாங்காது. 2025 செப்டம்பர் 22-ல் முகப்பவுடருக்கும் சோப்புக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது. சன்ஸ்கிரீன் 18-லேயே நின்றுவிட்டது. இந்த வெயிலில் வாழ்கிறவனுக்குப் பவுடரை மலிவாக்கி, வெயில் காப்பை ஆடம்பரமாக விட்ட கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வாங்க முடியாதவனுக்குத் துண்டும் அகல விளிம்புத் தொப்பியும்தான்.

தம்பியிடம் சொன்னேன்: காலையும் ராத்திரியும் ஒருதரம் மென்மையான சோப், ஈரத்தோடு லோஷன், பகலில் தலைக்குத் துண்டு. அந்த டியூபை மட்டும் தானாக நிறுத்தாதே, திடீரென்று விட்டால் முகம் பொங்கும். விருதுநகரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி குறைத்துக்கொண்டு வா. காசு கிடையாது.

"காசு கிடையாது சரிண்ணே" என்றான். "அங்க ஓ.பி. காலைலதான். ஒருநாள் சம்பளம் போகுமே."