கொழுந்து மடுவத்தில் விசுவாசம்

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுப்பார்கள். காலையில், பகலில், பிறகு சாயந்தரம். சாக்கைத் தராசில் தொங்கவிட்டதும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்ப்பார். சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பார். மழை நாளானால் ஈரத்துக்கு என்று இன்னும் ஒன்றோ இரண்டோ போகும். மிச்சம்தான் எடை எழுதிக் கொடுக்கும் துண்டில் ஏறும். எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும், 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. துண்டில் 18க்குப் பதிலாக 17 என்று விழுந்தால் கொழுந்தெடுத்தவளின் அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும்.

அந்த ஒரு கிலோ யாருடையது? மலையகத்தில் தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கிறிஸ்தவனிடம் தினமும் மூன்று தடவை கேட்கப்படுகிற கேள்வி இது. ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்றுகிறானா என்று பார்க்க இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளைகள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல வரவில்லை. மலையில் நிறுத்த கொழுந்தைத் தேயிலை ஸ்டோரில் மறுபடி நிறுப்பார்கள். லொறி போய்ச் சேர்வதற்குள் ஈரம் வடிந்து எடை இறங்கும். கணக்கு இடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே முன்கூட்டியே இரண்டு கிலோ கழித்து வைத்துக்கொண்டால் அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையைக் கூடை சுமந்தவள் கொடுக்கிறாள். பெரிய அக்கிரமக்காரர் யாரும் இல்லாமலே ஒரு பெரிய அக்கிரமம் நடந்துகொண்டிருக்கிறது.

அம்மா கொழுந்தெடுத்த நாட்களில், எங்கள் கோயிலைச் சேர்ந்த ஒரு கணக்கப்பிள்ளை மழைக்காலத்தில் ஒரு காரியம் செய்வார். நிறுக்கத் தொடங்குமுன், நனைந்த வெறும் சாக்கு ஒன்றைத் தராசில் போட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். முள் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவுதான் அன்றைக்குக் கழிவு. ஆபிஸில் அதற்காக ஏச்சு வாங்கினார், பிறகு வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். மேடையேறி ஜெபம் சொல்கிறவர் அல்லர். சங்கீதப் புத்தகத்தைக்கூடத் தடுமாறித்தான் வாசிப்பார். ஆனால் அவர் மாறிப்போன பிறகு லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பிராவில் இருந்த முருக பக்தையான ஆச்சி, “அந்த வேதக்காரப் பிள்ளை மாதிரி நிறுக்க ஆளில்ல” என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். சுவிசேஷம் அந்த லயத்துக்குள் நுழைந்தது அந்த வெறும் சாக்கு வழியாகத்தான் என்று நான் நம்புகிறேன்.

மலைநாட்டுக்கு வேதம் வந்த பாதையைப் பார்த்தால் இப்படி நேர்மையாக நிறுப்பது ஏன் அரிதாகப் போனது என்று ஓரளவு புரிகிறது. 1854இல் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் கீழ் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டத் துரைமாரே அதற்குப் பணம் கொடுத்து ஆதரித்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் கோப்பித் தோட்டங்களில் மலை மலையாக ஏறி இறங்கினார்கள். படிக்கவும் எழுதவும் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்த உழைப்புக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் துரையின் அனுமதியோடு தோட்டத்துக்குள் வந்த ஒருவரால் குடியைப் பற்றிப் பேச முடியும், களவைப் பற்றிப் பேச முடியும். துரையின் தராசைப் பற்றிப் பேசுவது லேசல்ல. அந்தத் தயக்கம் எங்கள் பிரசங்க பீடங்களில் இன்றைக்கும் தங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டிக்கோயா பக்கம் 1878இல் கட்டிய வோர்லி கிறிஸ்து ஆலயத்தின் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் பெயர் பொறித்துக் கிடக்கின்றன. சுற்றியுள்ள மலைகளை வெட்டித் திருத்திய எங்கள் சனத்தின் புதைகுழிகளுக்குமேல் தேயிலைதான் நிற்கிறது.

வேறொரு வழியும் உண்டு என்று காட்டியவர் இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கினார். முந்திய வருஷம்தான் சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த எங்கள் சனம், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியா போக, தலைமன்னார்க் கப்பலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. 1973–74இல் தோட்டங்களில் பட்டினி வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அவர் சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் எளிமையாக வாழவைத்து, அங்கிருந்து தோட்ட மக்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்தார். 2017இல் காலமாகும்வரை அந்தப் பற்று அவரை விடவில்லை. அவர் எழுதிய கட்டுரைகளைவிட என்னை அசைப்பது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யாருடைய பக்கத்தில் பாய் போடுவது என்பதைத் தம் விசுவாசத்தின் விஷயமாக அவர் எடுத்துக்கொண்டதுதான். படித்த பாதிரியார் ஒருவருக்கு அதைவிட வசதியான நூறு வழிகள் இருந்தன.

யாரோடு சாப்பிடுவது என்ற கேள்வி லயத்தில் இப்போது வேறு மாதிரி வருகிறது. புதிதாக ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கிய வீடுகளில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு கொடுக்கலாமா என்று மனக்கஷ்டம் உண்டாகிறது. காசு கொடுக்காதவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், மனச்சாட்சி அவரவருடையது. ஆனால் பக்கத்துக் காம்பிராவில் சாவு விழுந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவும், குழி வெட்டவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் எந்த வேதமும் தடையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற வீடு அது. அங்கே ஒதுங்கி நிற்கிற பக்தியை என்னால் பக்தி என்று ஏற்க முடியாது.

அதேபோல, கொழுந்து கூடுகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை கொடுப்பார்கள், ஒன்றரைப் பேர் கிடைக்கும். மகளின் டியூஷன் காசுக்காகப் பூசையை விட்டுவிட்டு மலைக்குப் போகிற தாயைப் பற்றிச் சபையில் முணுமுணுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவள் கடவுளை விட்டுவிட்டுப் போகவில்லை. ஆறு நாள் உழைத்தும் அரிசிக்குப் போதாத சம்பளத்தைக் கொடுத்தவர்களிடம் அல்லவா அவள் ஏன் பூசைக்கு வரவில்லை என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

2023இல், மலையகத்தார் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி போனது. திருச்சபையினரும் அதில் முன்னின்று உழைத்தார்கள். அந்தக் கால்களுக்கு நன்றி சொல்கிறேன். இனி, தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும்போது எங்கள் குருமாரும் போதகர்களும் மாமிசம் தவிர்ப்பதைப் பற்றி மட்டும் பேசாமல் துண்டில் எழுதுகிற எடையைப் பற்றியும் பேச வேண்டும். கணக்கப்பிள்ளை, கங்காணி, கிளாக்கர், சங்கத் தலைவர் என்று எங்கள் கோயில் பெஞ்சுகளிலேயே உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். கொழுந்தெடுக்கிற பெண்களும் அதே பூசைக்குத்தான் வருகிறார்கள். கழிவு எவ்வளவு, ஏன் என்று பங்கின் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்க அவர்களுக்கு ஒரு மாலை ஒதுக்கிக் கொடுத்தால் போதும்.