ஊர் உறங்கும் நேரத்தில் பாவு பிணைப்பவர்கள்

மணி ஒன்றரை. தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன் கோயில் பக்கம் எல்லாம் அடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் டியூப்லைட் எரிகிறது. காலையில் தறி ஓட வேண்டுமென்றால் இன்று ராத்திரியே பாவு, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, பிணைத்தாக வேண்டும்.

அம்மா தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தறியில் மிஞ்சிய பழைய பாவில் ஓர் இழை, புதுப் பாவில் ஓர் இழை. இரண்டையும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது. அச்சுக்குள் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே! இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். பகலில் அடுப்பு, பிள்ளைகள், வந்து போகிறவர்கள். கவனம் கலையாத நேரம் என்று அவருக்குக் கிடைப்பது இந்த ராத்திரிதான்.

நாங்கள் நெய்யும் ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தைத் தமிழக அரசு 2023-இல் 300 ஆக்கியது. ராத்திரி விளக்கெரியும் வீடுகளுக்கு அது நிஜமான உதவி, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் கூலி சேலைக் கணக்கில்தான் வருகிறது. எங்களைப் போன்ற வீடுகளில் பாவு பிணைக்கும் கைக்கும் குறுக்கு இழைக்குத் தார் சுற்றும் கைக்கும் தனிக் கூலி இல்லை. அது வீட்டு வேலையோடு சேர்ந்துவிடுகிறது. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

கல்யாணப் பட்டு எடுக்கும்போது ஜரிகையைப் பாருங்கள், எடையைப் பாருங்கள். கூடவே, "பாவு பிணைச்சவங்களுக்கு என்ன கூலி கொடுத்தீங்க?" என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், கடைக்காரர் தனக்குச் சேலை கொடுப்பவரிடம் கேட்பார்.