பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறீர்களா?

டீசல் வண்டியைக் குளிர்ந்த நிலையில் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

என் மச்சான் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் வண்டி வாங்க விரும்பினார். காஜாங்கில் ஒரு கடைக்குப் போனோம். முன்மூடியைத் தொட்டேன், சுட்டது. எங்களுக்கு முன்பே வண்டியை ஓடவிட்டிருக்கிறார்கள்! "நாளைக் காலை வருகிறோம், அதுவரை முடுக்க வேண்டாம்" என்று சொல்லித் திரும்பினோம். மறுநாள் அது கிளம்பவே திணறியது. வெள்ளைப்புகை வெகுநேரம் அடங்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டோம்.

காரணம் இதுதான்: டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. தேய்ந்த இயந்திரத்தில் அழுத்தம் குறைவு. குளிரில்தான் அது தெரியும்.

நீலப்புகை தொடர்ந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் கறுத்திருந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். டீசலுக்கு அது இயல்பே. கிராண்டில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள்.

டீசல் மலிவு என்ற பழைய கணக்கையும் நம்பிவிடாதீர்கள். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக ஏறியது நினைவிருக்கும்.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம். ஓர் இரவு பொறுப்பதால் நமக்கு நட்டமில்லை.