கரியமில வாயுவுக்கு ஒரு சோப்பு

எழில்மிகு ஏற்காட்டில் படிக்கும் எங்களுக்குக் காப்பிச் செடி புதிதன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பியை அறிமுகம் செய்தார் என்று படித்திருக்கிறோம். கோடையின் முதல் மழை பெய்ததும் தோட்டமெங்கும் வெண்பூக்கள் மலரும். அந்த நறுமணம் எங்கள் விடுதிச் சன்னல் வரை வரும்.

விடுதிக்குள் வேறொரு வாசனையும் உண்டு. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை சேலத்தில் ஒரு டிரை கிளீனிங் கடையில் வேலை செய்கிறார். விடுமுறை முடிந்து அவள் திரும்பும்போதெல்லாம் அவளுடைய பெட்டியிலிருந்து மருந்து நெடி போல் ஒன்று வீசும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் அறிவியல் வகுப்பில் சிஸ்டர் கரைசல்கள் பாடம் நடத்தினார்கள். தண்ணீர் படாமல் பட்டுத்துணியை வெளுக்க உதவும் கரைப்பான்களுள் பெர்குளோரோ எத்திலீன் ஒன்று என்றும், அதன் ஆவியைச் சுவாசித்தால் தலைவலியும் மயக்கமும் வரும் என்றும் சொன்னார்கள். தோழி எழுந்து நின்றாள். “சிஸ்டர், எங்க அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் தலைவலி. நெஞ்சுக்குக் கெடுதல் செய்யாத கரைப்பான் ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. எங்கள் தலைகள் தாமாகவே குனிந்தன.

அன்று சிஸ்டர் கூறியதையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் இங்கே தருகிறோம்.

நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவே ஒரு நல்ல கரைப்பான்! 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்குக்கு மேல் அழுத்தமும் இருந்தால், அது வாயுவைப் போல் எங்கும் நுழையும். திரவத்தைப் போல் பொருள்களைக் கரைக்கும். 31 டிகிரி என்பது நம் சேலத்து வெயில்தான்! அழுத்தத்தை நீக்கினால் வாயுவாகிப் பறந்துவிடும், எச்சம் இராது. 1960-களில் ஜெர்மனியில் குர்ட் ஸோஸல் என்ற அறிஞர் இவ்வழியில் காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரிக்கும் முறையைக் கண்டார். 31 டிகிரிக்குக் கீழே தக்க அழுத்தம் கொடுத்தால் அதே வாயு திரவமாகும். அதில் துணியும் வெளுக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஓரளவு கரையும். வியர்வை உப்பும் மண்ணும் கரையா. அதற்குச் சோப்பு வேண்டும். நாம் அறிந்த சோப்பின் ஒரு முனை தண்ணீரையும், மறுமுனை எண்ணெயையும் நாடும். இங்கே ஒரு முனை கரியமில வாயுவை நாட வேண்டும். அதற்கு, அவ்வாயுவில் கரையும் பாலிமர் தேவை. பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. பெரும்பாலான சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் கரைவதில்லை. விடுதியில் பழைய மாணவியர் கைகோத்து நின்றுவிட்டால் புதிதாக வந்தவள் எப்படி உள்ளே கலப்பாள்? அதுபோலத்தான்.

1992-இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் டிசிமோன் குழுவினர், புளோரின் சேர்ந்த பாலிமர்கள் நன்கு கரைவதைக் காட்டினர். ஆயினும் அவற்றின் விலை மிக அதிகம். எளிதில் மக்குவதும் இல்லை. 2000-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெக்மன் குழுவினர் புளோரின் இல்லாமலே ஒன்றைச் செய்தனர். கரியமில வாயுவையே புரொப்பிலீன் ஆக்சைடுடன் கோத்து அந்தப் பாலிமரை உருவாக்கினர். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றே தனிமங்கள்! 2002-இல் ரவீந்திரன், வாலன் என்னும் இருவர், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் பகுதியைச் சர்க்கரையுடன் இணைத்தால் அதுவும் இவ்வாயுவில் கரையும் என்று காட்டினர். சமையலறையில் உள்ள பொருள்களிலிருந்தே வழி பிறந்தது எங்களுக்கு வியப்பைத் தந்தது.

“இன்னும் தடைகள் உண்டு. அழுத்தம் தாங்கும் இயந்திரத்தின் விலை அதிகம். மூடிய அறையில் வாயு கசிந்தால் மூச்சு முட்டும்” என்று சிஸ்டர் எச்சரித்தார்கள்.

“விலை குறைந்தால்தானே சிஸ்டர், எங்க அப்பா வேலை செய்யும் கடைக்கு வரும்?” என்றாள் தோழி.

அந்தக் கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. அறிஞர்கள் ஏன் பத்தாண்டு காலம் மலிவான பொருளைத் தேடினார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எவ்வளவு சிறந்த கண்டுபிடிப்பானாலும், ஏழையின் கைக்கு எட்டாவிட்டால் அவன் தலைவலி தீராது.

அன்று மாலை, கடையின் சன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யும்படி அவள் தந்தைக்குக் கடிதம் எழுதினாள். நாங்களும் அருகில் அமர்ந்திருந்தோம். இப்போது அவள் பெட்டியைத் திறக்கும்போது எங்களுள் ஒருவரும் மூக்கைப் பொத்துவதில்லை. வேதியியல் படிக்க வேண்டும் என்று எங்களுள் மூவர் முடிவு செய்திருக்கிறோம். அவர்களுள் அவளும் ஒருத்தி.

— பத்தாம் வகுப்பு மாணவி