மேடையின் மேட்டுப் பக்கம்

அன்புள்ள கயல்,

கூட்டத்தில் நீ கேட்ட ஒரு கேள்வியால் எல்லோரும் உன் பக்கம் திரும்பிவிட்டார்கள். பேசிக்கொண்டிருந்த மேலாளரை நீ ‘அப்ஸ்டேஜ்’ செய்துவிட்டதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அது பாராட்டா, குத்தலா என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசி குத்தல்தான். காரணம் பழைய ஐரோப்பிய நாடக மேடையில் இருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் மேடையின் மூன்று பக்கமும் ஜனங்கள். எப்படி நின்றாலும் யாருக்காவது முதுகு தெரியத்தான் செய்யும். இத்தாலியில் கதை வேறு. 16ஆம் நூற்றாண்டில் செர்லியோ போன்ற கட்டடக் கலைஞர்கள், தெருவும் மாளிகையும் தூரத்தில் குறுகிப் போவதுபோல் மேடைக் காட்சிகளை அமைத்தார்கள். அந்தக் கண்கட்டு பலிக்க, தளமும் பின்னால் போகப் போக மெல்ல உயர்ந்தது. இனிகோ ஜோன்ஸ் 1605 முதல் இங்கிலாந்து அரசவைக்கு இந்தப் பாணியைக் கொண்டுபோனார். பாரிஸின் கார்னியே ஓபரா மாளிகையில் இன்றும் 5 சதவீதச் சரிவு உண்டு. பாலே ஆடுகிறவர்கள் பாடு பாவம்.

ஆக, சபைப் பக்கம் பள்ளம், பின்பக்கம் மேடு. அந்த மேடுதான் ‘அப்ஸ்டேஜ்’. மேடைகள் சமதளமான பிறகும் பெயர் போகவில்லை.

இனி நடிகர்களின் சூது. இருவர் பேசும் காட்சியில் ஒருவர் நைசாக இரண்டடி பின்வாங்குகிறார். அவர் முகம் சபையைப் பார்த்தபடியே இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் அவர் பக்கம் திரும்பியாக வேண்டும், அதாவது சபைக்கு முதுகு காட்ட வேண்டும். எத்தனை நல்ல வசனமானாலும் முகம் தெரியாதவர் பேச்சு எடுபடுமா? பின்னால் போனவர் ஜெயித்துவிடுகிறார். இந்த வித்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

சினிமாவில் பார்க்க வேண்டுமானால் 1960இல் வந்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படத்தைப் போடு. நாயகன் யூல் பிரின்னர். சவ வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஸ்டீவ் மெக்வீன், தோட்டாவைக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். அதற்கு வசனமே கிடையாது. ஆனாலும் நம் கண் அவரிடம்தான் போகும்.

திறமையால் மிஞ்சினால் ‘அவுட்ஷைன்’. பெரிய சம்பவம் சின்னதை மறைத்தால் ‘ஓவர்ஷேடோ’. ‘அப்ஸ்டேஜ்’ இந்த இரண்டும் இல்லை. இன்னொருவருக்கு உரிய நேரத்தில் சபையின் கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. மணப்பெண்ணைவிடப் பளபளவென்று வந்து நிற்கும் விருந்தாளியை ஆங்கிலத்தில் இந்தச் சொல்லால்தான் ஏசுவார்கள். ஆனால் திட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. மேடையில் தவறி நுழைந்த நாய்க்குட்டிகூட ஒரு பெரிய நடிகரை இப்படிச் செய்துவிடலாம். நீயும் வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் மீதிக் கால்வாசியைப் பாராட்டு என்று ஒதுக்கினேன்.

அப்படி என்னதான் கேட்டாய்? அதை மட்டும் எழுதவில்லையே.

அன்புடன்,
பெரியப்பா