கரிசல் காட்டில் ஒரு ஹாக்கி ஊர்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் தெற்கே வந்தால், நாலாட்டின்புத்தூர் தாண்டியதும் எங்கள் இடைசெவல். மொத்தமே பத்து கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த ஊர் என்றால் படிக்கிற பழக்கம் உள்ள சகோதரிகளுக்கு உடனே தெரிந்துவிடும். இருவருமே சாகித்ய அகாதமி பரிசு பெற்றவர்கள். 2021 மே மாதம் கி.ரா. புதுச்சேரியில் காலமானபோது, அவரை இந்த மண்ணுக்குத்தான் கொண்டுவந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

மழை பெய்தால் காலை விடாமல் அப்பிக்கொள்ளும் மண் இது. கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து என்று வானம் பார்த்துப் பிழைக்கிற பூமி. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. அது நகைப் பைத்தியமோ புடவைப் பைத்தியமோ அல்ல, ஹாக்கிப் பைத்தியம்!

சிரிக்காதீர்கள். நான் பிறந்தது கோவில்பட்டியில். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊருக்கு 'ஹாக்கிப்பட்டி' என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. மற்ற ஊர்ப் பையன்கள் தெருவில் பந்தும் பேட்டுமாக நின்றால், எங்கள் ஊர்ப் பையன்கள் கருவேல மரக் கொம்பை வளைத்து ஹாக்கி மட்டையாக்கிக் கொள்வார்கள். மில் வேலை முடிந்து வந்த அப்பா, சாயங்காலம் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப் போவார். புழுதி பறக்கும். மட்டையும் பந்தும் மோதுகிற அந்த 'டக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ரேடியோவில் கேட்ட கோல்

1975 மார்ச் 15. கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே பாகிஸ்தான். ரேடியோவில் ஹிந்தி வர்ணனை. எங்கள் வளவில் யாருக்கும் ஹிந்தி தெரியாது. 'கோல்' என்ற சொல்லும் ஆட்டக்காரர்கள் பெயரும் மட்டும்தான் புரியும். முதல் கோல் பாகிஸ்தானுக்கு. அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். பிறகு சுர்ஜித் சிங் சமன் செய்தார். தியான் சந்தின் மகன் அசோக் குமார் இரண்டாவது கோலைப் போட, 2-1 என்று நாம் ஜெயித்தோம். இன்றுவரை ஆண்கள் ஹாக்கியில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே உலகக் கோப்பை அதுதான்.

மறுநாள் நானும் ஒரு மட்டை கேட்டேன். "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ளை. கால்ல கையில பட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள் அம்மா. அப்பா ஒன்றுமே பேசவில்லை.

ஆடிக்கு வந்த தங்கம்

1980 வைகாசியில் எனக்குக் கல்யாணம். இடைசெவலுக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை, ஆடி பிறந்ததும் அப்பா வந்து அழைத்துப் போனார். அந்த ஆடி வழக்கத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்கிறேன்! ஏனென்றால் ஜூலை 29-ம் தேதி மாஸ்கோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக் கொடுத்து வைத்தது. காப்டன் நம்ம தமிழ்நாட்டுக்காரர் வி. பாஸ்கரன். மூன்று கோல் முன்னால் இருந்தோம், ஸ்பெயின் விடாமல் துரத்தியது. கடைசியில் 4-3. தங்கம்!

அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் ஹாக்கியும் சேர்க்கப்பட்டது. ஆறு நாடுகள் ஆடியதில் நம் பெண்கள் நான்காவதாக வந்தார்கள். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "உன்னையும் விளையாட விட்டிருக்கலாம் தாயி" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை.

பேத்தியின் கேள்வி

அப்புறம் மாவாட்ட, மாட்டுக்குத் தண்ணி காட்ட, பிள்ளை வளர்க்க என்று வருஷங்கள் போய்விட்டன. 2021 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடினார்கள். குர்ஜித் கவுர் ஒரே ஒரு கோல் போட்டார். மீதி நேரமெல்லாம் கோல்கீப்பர் சவிதா சுவராக நின்றார். 1-0! அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. நாலு நாள் கழித்துப் பிரிட்டனிடம் 3-4 என்று தோற்று, வெண்கலம் கைநழுவியது. அந்தப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து நானும் அழுதேன். மடியில் இருந்த பேத்தி, "ஆச்சி, நீ ஏன் விளையாடல?" என்று கேட்டாள்.

மறுவருஷம், 2022-ல், ஆசியக் கோப்பை இந்திய அணியில் கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரனும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தியும் இடம்பிடித்தார்கள். அணி வெண்கலத்தோடு திரும்பியது. 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதியில் ஜப்பானை 5-0 என்று வென்றோம். கடைசி கோல் கார்த்தியுடையது. இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று ஜெயித்தது தனிக் கதை.

மே மாதத்தில் வாருங்கள்

கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் இப்போது செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. கோடையில் அங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் எல்லாம் வரும். விளக்கு வெளிச்சத்தில் ராத்திரி ஆட்டமும் உண்டு. ஆட்டத்துக்கு முன் தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். இந்த வறண்ட சீமையில் அந்த ஈரக்காற்றே ஒரு சுகம்! முன்பு 35 நிமிஷமாக இரண்டு பாதி. இப்போது 15 நிமிஷமாக நாலு பகுதி. குழந்தைகளுக்கும் அலுக்காது.

போன மே மாதம் மருமகளையும் பேத்தியையும் டவுன் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பேத்தி மட்டை கேட்டு ஒரு வருஷமாகிறது. மருமகளுக்குப் பயம். "அத்தை, வெயில்ல கறுத்துப் போவா. பல்லு உடைஞ்சா என்ன செய்ய?" என்றாள். பயம் நியாயம்தான், பந்து கல் மாதிரி இருக்கும். அன்று இடைவேளையில் ஒரு பயிற்சியாளரிடமே கேட்டோம். முழங்காலுக்குக் கீழே தடுப்புப் பட்டை, வாயில் பல் காப்பு, காலுக்குச் சரியான ஷூ. இந்த மூன்றும் இல்லாமல் இறங்கக் கூடாது என்றார். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும், உச்சி வெயிலில் ஆடக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் பழம், கடலை மிட்டாய், மோர் எது கொடுத்தாலும் நல்லது என்றார். "மாசத்துல அந்த நாட்கள்ல?" என்று மருமகள் தயங்கிக் கேட்டாள். உடம்பு ஒத்துக்கொண்டால் தாராளமாக ஆடலாம், வலியோ அதிகப் போக்கோ இருந்தால் ஓய்வு கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் பேசவே இல்லை. இடைசெவல் விலக்கில் இறங்கி நடக்கையில், "மட்டை என்ன வெலை அத்தை?" என்றாள்.

பருத்தி விற்ற பணத்தில் என் பங்கை முடிந்து வைத்திருந்தேன். அதில் மட்டை வாங்கினோம், பல் காப்பும் வாங்கினோம். இப்போது சாயங்காலமானால் எங்கள் களத்துமேட்டில் 'டக்... டக்...' என்று சத்தம் கேட்கிறது. அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

சகோதரிகளே, உங்கள் பெண்ணும் ஒரு நாள் மட்டை கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுமுன், ஒரு ஆட்டத்தை அவளோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.